பழகிய தெருவில் படமெடுப்பது எப்படி?

நல்ல படம் வேண்டுமென்றால் எங்காவது மலைக்கோ கடற்கரைக்கோ போக வேண்டும் என்று கேமராவை அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். வீட்டு வாசலில் இருந்து கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே படங்கள் இருக்கின்றன. சுவர், மின்கம்பி, படிக்கட்டு, தேங்கிய மழைநீர் போதும். செல்போன் இருந்தாலும் சரி, கேமரா இருந்தாலும் சரி.

1. கருவியைத் தயார் செய்யுங்கள்

செல்போன் என்றால் முதலில் லென்ஸைத் துடையுங்கள். விரல் பிசுக்கு படிந்திருந்தால் விளக்குகள் எல்லாம் கலங்கித் தெரியும். திரையில் கட்டக் கோடுகளை வரவழையுங்கள். விரலால் இழுத்து ஜூம் செய்வதைவிட இரண்டடி முன்னே நடப்பது மேல். கேமரா என்றால் 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் ஒன்றே போதும். லென்ஸ் திறப்பு எஃப் 8, ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ ஆட்டோ. ஆட்கள் நடமாடும் இடத்தில் ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. ஒரே ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள்

ஊர் முழுக்க அலைய வேண்டாம். 1940களிலேயே கலரில் படமெடுத்த புகைப்படக் கலைஞர் சால் லைட்டர், நியூயார்க்கில் தான் குடியிருந்த பகுதியைச் சுற்றியே பல பத்தாண்டுகள் எடுத்துத் தள்ளினார். ஈரம் படிந்த கண்ணாடி, குடை, பனி இவைதான் அவருடைய சரக்கு.

3. வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். காலை, மதியம், மாலை என்று ஒரே தெருவில் நடந்து பாருங்கள். வெயில் நேராக அடிக்கும்போது ஒரு பழைய சுவர் வெறும் சுவர். அதே வெயில் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வரும்போது, உரிந்த சுண்ணாம்பின் ஓரம், பாதி அடித்த ஆணி, விரிசல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிழல் முளைக்கும்.

உச்சி வெயிலில் படமெடுக்காதே என்பார்கள். ஆள் முகத்துக்கு அது சரி. சுவருக்குப் பொருந்தாது. அந்த நேரத்தில் வெயில் மேலிருந்து சுவரை ஒட்டி இறங்கும். கையகலம் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் நிழல்கூட நீளமாகத் தொங்கும்.

4. ஒளி அளவைத் திருத்துங்கள்

எதைக் காட்டினாலும் கேமரா அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். நிழலுக்கு நடுவே சின்னதாக ஒரு வெயில் திட்டு இருந்தால், நிழலை வெளிச்சமாக்கப் போய் வெயிலை வெளுக்கவிட்டுவிடும். செல்போனில் வெயில் திட்டைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். கேமராவில் ஒளி அளவுத் திருத்தத்தை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) மைனஸ் 1 வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் குறையுங்கள். வெள்ளைச் சுவர் படம் முழுக்க நிறைந்திருந்தால் நேர்மாறாக, பிளஸ் 1.

5. தேங்கிய தண்ணீரில் முயன்று பாருங்கள்

மழை விட்டதும் இறங்குங்கள். செல்போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தண்ணீருக்கு வெகு அருகில் வரும். உள்ளங்கை அளவுத் தேக்கத்திலும் ஒரு முழுக் கட்டடம் அடங்கிவிடும். ஃபோகஸைத் தண்ணீரின் மேற்பரப்பில் வைத்தால் பிம்பம் மங்கும். லென்ஸைப் பொறுத்தவரை பிம்பம் அந்தக் கட்டடத்தின் தொலைவில்தான் இருக்கிறது, அதனால் பிம்பத்தையே தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். காற்று அடித்தால் அலை அடங்கும்வரை பொறுங்கள். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை லென்ஸில் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், அது பிம்பத்தையே அழித்துவிடும்.

6. பின்னணியைப் பிடித்துவிட்டுக் காத்திருங்கள்

ஆளைத் துரத்தாதீர்கள். வெயிலும் நிழலும் நன்றாக அமைந்த இடத்தில் சட்டகத்தை முடிவு செய்துவிட்டு நில்லுங்கள். சைக்கிளோ, குடையோ, நாயோ தானாக உள்ளே வரும். யாருடைய முகமாவது தெளிவாகத் தெரிந்தால் கேட்டுவிட்டு எடுப்பதே மரியாதை.

அமுக்குவதற்கு முன் நான்கு ஓரங்களையும் ஒருமுறை பாருங்கள். அரைகுறையாக நுழைந்த கம்பமோ குப்பைத்தொட்டியோ இருந்தால் ஓரடி நகருங்கள். செல்போனை அண்ணாந்து பிடித்தால் கட்டடங்கள் பின்னால் சாய்ந்து நிற்கும், நிமிர்த்திப் பிடியுங்கள்.

7. தேர்வும் திருத்தமும்

எடுத்த அன்றே தேர்வு செய்ய உட்காராதீர்கள், எல்லாமே நன்றாக இருப்பதாகத் தோன்றும். சில நாள் கழித்து, படங்களைச் சின்ன அளவில் வரிசையாக வைத்துப் பாருங்கள். அந்த அளவிலும் வடிவம் புரிகிறதா? வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கோணலை நேராக்கி, வெளிச்சத்துக்கும் இருளுக்குமான மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) கொஞ்சம் கூட்டுங்கள். நிழலைத் தூக்கும் ஸ்லைடரை மட்டும் தொடாதீர்கள். அந்தக் கறுப்பு இருக்கட்டும்.