அப்டேட் ஏறவில்லையா? முதலில் தேதியைப் பாருங்கள்

கணினியில் பாதுகாப்பு அப்டேட் ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுபோனால், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவதற்கு முன், தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். அப்டேட் அனுப்பும் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு (அது உண்மையான சர்வர்தான் என்று காட்டும் டிஜிட்டல் அடையாளம்) தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் கடிகாரம் 2015-இலேயே நின்றிருந்தால், அந்தச் சான்றிதழ் செல்லாது என்று கருதி இணைப்பையே மறுத்துவிடும். திருத்திய தேதி மின்தடைக்குப் பின் மறுபடியும் மாறினால், மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைக்கும், மதர்போர்டில் (கணினிக்குள் இருக்கும் முதன்மைப் பலகை) உள்ள வட்டமான சிஆர் 2032 பேட்டரி பெரும்பாலும் தீர்ந்திருக்கும். பென்னாகரம், அரூர் பக்கம் பழைய டெஸ்க்டாப் வைத்திருப்போர் அதைத் தர்மபுரி வரை தூக்கிச் செல்லத் தேவையில்லை; வாட்ச் கடையில் இந்த பேட்டரியைக் கேட்டு வாங்கி, பிளக்கைக் கழற்றிய பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

தேதி சரியாக இருந்தும் ஏறவில்லையென்றால் இந்த வழி உதவாது, விண்டோஸ் இருக்கும் சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (அப்டேட் அனுப்புவது) 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.