குதிரையைச் சந்தைக்குக் கொண்டுபோகும்போது செய்யக்கூடாதவை

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தைக்குக் குதிரைகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும். தூரத்திலிருந்து வந்த குதிரைக்கு முதலில் தண்ணீர் காட்டத்தான் தோன்றும். அதைப் பொதுத் தொட்டியில் காட்டாதீர்கள். ஸ்டிராங்கிள்ஸ் என்கிற தொண்டைக் கட்டி நோய், மூக்கு ஒழுகும் குதிரை வாய் வைத்த தண்ணீர் வழியாகவே அடுத்ததற்குப் பரவும். நோய் தேறி வாட்டசாட்டமாக நிற்கும் குதிரைகூட மாதக்கணக்கில் கிருமியைச் சுமக்கலாம்.

சொந்த வாளி கொண்டுபோகிறவர்களும் தண்ணீர் பிடிக்கும் ரப்பர் குழாயைக் கவனிப்பதில்லை. முனையை வாளிக்குள் முக்கிவிட்டுப் பேச்சில் இறங்கிவிடுவார்கள். நிறைந்ததும் அதே முனை அடுத்தவர் வாளிக்குள் போகும். அப்புறம் தனி வாளி எதற்கு? முனையை மேலே தூக்கிப் பிடித்து ஊற்றுங்கள்.

அடுத்தது, "ரிப்போர்ட் இருக்குங்க" என்று கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டும் தைரியம். குதிரைகளைத் தாக்கும் இந்த பாக்டீரியா நோய் மனிதருக்கும் தொற்றும். நம் நாட்டில் உறுதியானால் வைத்தியம் கிடையாது, குதிரையைக் கருணைக்கொலைதான் செய்வார்கள். ரத்தம் எடுத்த நாளின் நிலவரத்தைத்தான் அந்தத் தாள் சொல்லும். தேதியைப் பாருங்கள், நிறமும் நெற்றிச் சுட்டியும் பொருந்துகிறதா பாருங்கள். சுழி பார்க்க அரை மணி நேரம் நிற்கிறவர்கள் இதற்கு அரை நிமிடம் தருவதில்லை.

ஃப்ளூ தடுப்பூசியைக் கிளம்பும் முந்தின நாள் போடுவதும் வீண். உடம்பில் எதிர்ப்பு உருவாக நாளாகும். சர்வதேசப் போட்டிகளில் ஊசி போட்டு 7 நாள் ஆகாத குதிரையை உள்ளேயே விடுவதில்லை.

லாரியில் தலையைக் குட்டையாகக் கட்டுவது பலருக்குத் தவறாகவே தெரியாது. தலை தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வடியும். மணிக்கணக்கில் நிமிர்ந்தே நின்றால் நுரையீரலில் சீழ் வைக்கலாம். நடுவில் நிறுத்தி, தலையைத் தாழ்த்த விடுங்கள்.

2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்த தாண்டல் போட்டியில் ஹெர்பிஸ் வைரஸ் பரவி, 18 குதிரைகள் இறந்தன. அந்த நோயில் பின்னங்கால் தள்ளாடுவதற்கு முன்பே காய்ச்சல் காட்டிவிடும். காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். நூலில் துணிக் கிளிப் கட்டி வால்முடியில் மாட்டினால் கீழே விழாது. 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் வண்டியில் ஏற்றாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

திரும்பி வந்ததை நேராகப் பழைய லாயத்தில் கட்டாதீர்கள். குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் மூன்று, தனியே இருக்கட்டும். தீனி, தேய்ப்பு எல்லாம் வீட்டுக் குதிரைகளுக்கு முடித்த பிறகு கடைசியாக அதற்கு. அதன் பிரஷ்ஷும் துணியும் அங்கேயே தொங்கட்டும்.