இரண்டு ஈர்க்கில் ஒரு நாற்பக்கல் குடும்பம்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் பின்னேரங்களில் நாலைந்து பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். "சதுரம் எப்படி டீச்சர் செவ்வகமாகும்?" என்று வருஷா வருஷம் ஒரு பிள்ளையாவது கேட்கும். பதிலுக்கு நான் விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்கை உருவுவேன்.

இரண்டையும் 12 சென்ரிமீற்றருக்கு நறுக்குங்கள். இவைதான் மூலைவிட்டங்கள். நடுவைப் பென்சிலால் குறித்து, நடுவோடு நடு பொருந்தக் கொப்பியில் குறுக்காக வையுங்கள். நான்கு நுனிகளிலும் புள்ளியிட்டு அடிமட்டத்தால் இணைத்தால் செவ்வகம். ஒரு ஈர்க்கை மெல்லத் திருப்பித் திருப்பி வரையுங்கள். ஒடுங்கும், அகலும், ஆனால் செவ்வகமாகவே இருக்கும். இடையில் 90 பாகை வந்ததும், அட, சதுரம்! செவ்வகத்தை விட்டு நாம் வெளியே போகவேயில்லை.

சரி, ஒரு ஈர்க்கை 8 சென்ரிமீற்றராக ஒடியுங்கள். நடுவைப் புதிதாகக் குறிக்க வேண்டும். நானே மறந்துபோய்ப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டினால் சாய்சதுரம், சரித்தால் வெறும் இணைகரம். அப்புறம் செங்கோணம் குலையாமல் நீள ஈர்க்கை மட்டும் கீழே இழுங்கள்: காலிமுகத்திடலில் பறக்குமே, அந்தப் பட்டம்.

சரிவகம்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதற்கு நடு வேண்டாம், இரண்டு ஈர்க்கும் ஒரே விகிதத்தில் பிரிந்தால் போதும். 12ஐ 9, 3 ஆகவும் 8ஐ 6, 2 ஆகவும் பிரிக்கும் புள்ளிகளைப் பொருத்தி வரையுங்கள். சமாந்தரப் பக்கங்களில் ஒன்று மற்றதைப்போல் மூன்று மடங்கு வரும், அளந்து பாருங்கள்.