சமநிலையைக் கேட்டு வாங்குவது எப்படி?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் பிள்ளைகள் பலர் போனில் செஸ் பழகிவிட்டுத்தான் முதல் போட்டிக்கு வருகிறார்கள். சில செயலிகளில் பலகையில் காய்கள் நிற்கும் ஒரே நிலை மூன்று தரம் வந்ததும் ஆட்டம் தானாகவே சமநிலையில் முடியும். போட்டி மேசையில் நீங்கள்தான் கேட்க வேண்டும். ஐந்தாம் தரம் வந்தால்தான் நடுவர் தானாக ஆட்டத்தை முடிப்பார்.

1. உங்கள் அடுத்த நகர்வால் அதே நிலை மூன்றாம் தரம் வரப்போகிறதா? காயைத் தொடாதீர்கள். நகர்வுகளைக் குறிக்கும் தாளில் அதை எழுத மட்டும் செய்யுங்கள்.

2. மணிக்கூட்டை நிறுத்தி நடுவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எதிராளியின் நகர்வால் வந்திருந்தால் எதுவும் எழுதாமலே, உங்கள் முறையிலேயே கேட்கலாம்.

பலரும் கோட்டை விடுவது முதலாவது படியில்தான். காயில் கை பட்டால் அந்த நகர்வுக்குக் கேட்கும் உரிமை போய்விடும். மூன்று தரமும் அடுத்தடுத்து வரத் தேவையில்லை. ஆனால் நகர்த்த வேண்டியவர் ஒருவராகவே இருக்க வேண்டும். கணக்குப் பிழைத்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், எழுதிய நகர்வையே நீங்கள் ஆட வேண்டும். ஆகவே தாளைத் தெளிவாக எழுதிப் பழகுங்கள்.

3. பேசிச் சமன் செய்வதென்றால் வரிசை இது: காயை நகர்த்துங்கள், எதிராளியிடம் சமநிலை கேளுங்கள், பிறகு மணிக்கூட்டை அழுத்துங்கள். கேட்டதற்கு அடையாளமாகத் தாளில் (=) போடுங்கள். கேட்டதைத் திரும்பப் பெற முடியாது. அவர் மறுத்த பிறகும் விடாமல் கேட்பது தொந்தரவு, நடுவர் கண்டிப்பார்.

4. எதிராளி சம்மதிக்காவிட்டால் ஆடியே காப்பாற்ற வேண்டும். வெள்ளை ராஜா ஈ4, சிப்பாய் ஈ5. உங்கள் கறுப்பு ராஜா ஈ7 என்று பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை டி5 வந்தால் நீங்கள் டி7. சிப்பாய் ஈ6க்கு வந்து செக் வைத்தால் ஈ7. வெள்ளை ராஜா ஈ5 வந்ததும் நேரே பின்னுக்கு, ஈ8. இந்த ஒரு நகர்வில்தான் ஆட்டமே தங்கியிருக்கிறது. டி8 போனால் வெள்ளை டி6 வந்து வெல்லும். எஃப்8 போனால் எஃப்6 வந்து வெல்லும். ஈ8இல் நின்றால், வெள்ளை டி6க்கு டி8 என்று எதிரே நிற்கலாம். சிப்பாய் ஈ7 செக், நீங்கள் ஈ8. சிப்பாயைக் காக்க வெள்ளை ராஜா ஈ6க்கு வந்தால் செக்கும் இல்லை, உங்களுக்குப் போக இடமும் இல்லை: ஸ்டேல்மேட், அதாவது சமநிலை.

முடிந்ததும் கை கொடுத்து, இரண்டு தாளிலும் ½–½ எழுதி, இருவரும் கையெழுத்து வையுங்கள்.