ரங்கூன் கரண்டுக்கு ஏற்ற கணினி: பழைய மெஷினைக் குறைந்த காசில் தேற்றுவது எப்படி?

அக்கா வீட்டுக் கணினி எழுந்து நிற்க ஆறு நிமிடம் ஆகும். ஸ்விட்சைப் போட்டுவிட்டு அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றிவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ரங்கூன் திங்கன்ஜூனில் அவர்கள் பக்கம் கரண்ட் முறை வைத்து வரும்: நான்கு மணி நேரம் உண்டு, நான்கு மணி நேரம் இல்லை. அந்த நான்கில்தான் தையல் கணக்கு, பையனுடைய பாடம், கோயில் விசேஷத்துக்கு நோட்டீஸ் அடிப்பது எல்லாம் நடக்க வேண்டும்.

"புதுசே வாங்கிடலாமா தம்பி?" என்றாள். டாலர் ஏறுகிற வேகத்தில் புதுசு நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால் இருப்பதையே தேற்றினோம். செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். விலை எதுவும் எழுதப் போவதில்லை. இன்று எழுதினால் அடுத்த வாரம் பொய்யாகிவிடும். கையில் இருந்த பணத்தைப் பத்துப் பங்காக்கினால் எது எத்தனை பங்கைத் தின்றது என்று மட்டும் சொல்கிறேன்.

படி 1: கடைக்குப் போவதற்கு முன் டாஸ்க் மேனேஜர்

விண்டோஸ் திறந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், எப்போதும் செய்யும் வேலையையே செய்துகொண்டு ஐந்து நிமிடம் கவனியுங்கள்.

அக்கா மெஷினில் டிஸ்க் 100 சதவீதத்தை விட்டு இறங்கவே இல்லை. மெமரி, அதாவது ரேம், நிரம்பி வழிந்தது. பிராசசரோ இருபதைத் தாண்டவில்லை. பாவம், சும்மா உட்கார்ந்திருந்தது. மருமகன் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, கிராபிக்ஸ் கார்டு போட்டாத்தான் ஸ்பீடு வரும்" என்றான். அவன் கணக்கு வேறு. எந்தக் கோடு உச்சியில் முட்டி நிற்கிறதோ, பணம் அங்கேதான் போக வேண்டும்.

அதே பக்கத்தில் மெமரியைத் தட்டினால் எத்தனை ஸ்லாட் இருக்கிறது, எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் காட்டும். பிறகு சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டி பிராசசர், மதர்போர்டு, ரேம் மூன்றின் பெயரையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தாளில் இருந்தது: ஐ3-4150, எச்81 போர்டு, டிடிஆர்3 ரேம் 4 ஜிபி ஒரே குச்சி, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பிராசசர் 2014-இல் வந்தது. கடைக்காரத் தம்பியிடம் "எங்க வீட்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு" என்று ஆரம்பித்தால் அவர் விற்க நினைப்பதை விற்பார். தாளை நீட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

படி 2: கரண்டுப் பக்கம்

வெளியூர் விளக்கங்களில் யுபிஎஸ் (கரண்ட் போனதும் பேட்டரியில் கொஞ்ச நேரம் தாங்கும் பெட்டி) கடைசியில் வரும், அல்லது வரவே வராது. இங்கே அதுவும் கணினியின் ஒரு பாகம். வேலை நடக்கும்போது கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நிற்கும், ஃபைல் கெடும், சில நாளில் விண்டோஸே எழாது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்கின் ஜாதகம் தெரியும். எத்தனை முறை சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரம் அறுந்தது என்ற கணக்கையும் பல டிஸ்குகள் வைத்திருக்கும். அக்கா வீட்டு டிஸ்கில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

முதலில் மெஷினுக்குள் இருக்கும் பவர் சப்ளை. பெட்டியின் பின்பக்கம், மின்கம்பி செருகும் இடத்தருகே சின்னச் சிவப்பு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 115, 230 என்று எழுதியிருக்கும். நமக்கு 230-இல்தான் இருக்க வேண்டும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அங்கிருந்து செகண்ட் ஹேண்டாக வரும் மெஷினில் அந்த ஸ்விட்ச் 115 பக்கம் இருக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒன்றை ஆசையாக வாங்கி வந்து, பின்பக்கம் பார்க்காமல் செருகினேன். "டப்" என்று ஒரு சத்தம்; மீன் கருகின மாதிரி வாடை. அந்த ஸ்விட்ச் 115-இல் இருந்தால் உள்ளே வரும் மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும் அமைப்பு வேலை செய்யும். 230-ஐ இரட்டித்தால் கெப்பாசிட்டர் எப்படித் தாங்கும்? தப்பு முழுக்க என்னுடையது. ஸ்விட்சே இல்லாமல் லேபிளில் 100-240 என்று இருந்தால் கவலை இல்லை. வெறும் 100 என்று மட்டும் இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

அடுத்தது யுபிஎஸ். சாதாரண வேலைக்கு 650 விஏ போதும். விஏ என்பது வாட் அல்ல. அந்த அளவு யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வாக்கில்தான் தரும், அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா மெஷினும் மானிட்டரும் சேர்ந்து நூறு வாட்டைத் தொடாது. உள்ளே ஏவிஆர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மாலையில் வோல்டேஜ் இறங்கும்போது பேட்டரியைத் தொடாமலே அது தூக்கிக் கொடுக்கும்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சின்ன யுபிஎஸ்ஸில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட்-மணி. காகிதத்தில் ஒரு மணி நேரம் போலத் தெரியும். உண்மையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. அது வேலை செய்வதற்கான நேரமே அல்ல, சேமித்துவிட்டு அணைப்பதற்கான நேரம். தினமும் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். செத்தால் யுபிஎஸ்ஸைத் தூக்கிப் போட வேண்டாம், பேட்டரியை மட்டும் மாற்றலாம். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் செருகக் கூடாது. சூடேறும்போது அது இழுக்கும் கரண்டில் யுபிஎஸ் அலறும்.

தெருவில் "மீ லா பீ!" (கரண்ட் வந்துடுச்சு!) என்று பிள்ளைகள் கத்தியதும் ஓடிப்போய் ஸ்விட்சைப் போடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். வந்த முதல் நிமிடங்களில் மின்சாரம் ஏறி இறங்கும். ஃப்ரிட்ஜுக்கு சேஃப்கார்டு வைத்துக் காக்க வைக்கிறோம் அல்லவா, கணினிக்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

யுபிஎஸ் நான்கு பங்கைத் தின்றது. அக்கா முகம் சுருங்கியது உண்மை.

படி 3: எஸ்எஸ்டி

ஹார்ட் டிஸ்கின் வேலையைச் செய்யும் புதுவகைச் சேமிப்புப் பெட்டி இது. ஆறு நிமிடத்தை அரை நிமிடமாக்கியது இதுதான். ஹார்ட் டிஸ்கில் ஓர் ஊசி சுழலும் தட்டின் மேல் அங்கும் இங்கும் ஓடித் தேட வேண்டும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடுகிறது. எஸ்எஸ்டியில் ஓடும் பாகமே கிடையாது. மின்சாரமும் குறைவாகத்தான் குடிக்கும், யுபிஎஸ் கொஞ்சம் கூடுதலாக நிற்கும்.

பழைய போர்டு என்றால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. புதுப் போர்டில் எம்.2 என்ற நீளமான சின்ன ஸ்லாட் இருக்கலாம்; அதிலும் சாட்டா வகை, என்விஎம்இ வகை என்று இரண்டு உண்டு, உருவம் ஒன்று போலவே இருக்கும். உங்கள் போர்டு எதை ஏற்கும் என்று கையேட்டில் பார்க்காமல் வாங்காதீர்கள்.

240 அல்லது 256 ஜிபி போதும். எஸ்எஸ்டியை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள், பெயர் தெரியாத மலிவுச் சரக்கும் வேண்டாம். லேபிளில் 1 டிபி என்று போட்டு உள்ளே அதில் கால்வாசிகூட இல்லாத போலிகள் உலவுகின்றன. வாங்கினதும் எச்2டெஸ்ட்டபிள்யு என்ற மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். இதற்கு மூன்று பங்கு.

மாட்டும்போது ஒரு நுணுக்கம். எச்81 போர்டில் சாட்டா வாய்கள் எல்லாம் ஒன்றல்ல: இரண்டு 6 ஜிபிபிஎஸ், மற்றவை 3. எங்கள் போர்டில் வேறு நிறத்தில் இருந்தன. பழைய டிஸ்க் வேகமான வாயில் உட்கார்ந்திருந்தது; அதைக் கழற்றி மெதுவான வாய்க்கு மாற்றிவிட்டு, எஸ்எஸ்டியை வேகமான வாயில் செருகினேன். பிராக்கெட் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், இரண்டு திருகில் தொங்கினாலும் போதும். கனமே இல்லாத பொருள்.

விண்டோஸைப் புதிதாகவே ஏற்றுங்கள். பழையதை அப்படியே நகலெடுத்தால் பழைய குப்பையும் கூடவே வரும். லைசென்ஸ் மதர்போர்டோடு கட்டியது, டிஸ்க் மாற்றினால் போகாது. பழைய டிஸ்கில் மறுஒதுக்கீடு செய்த (கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுத்த) செக்டர் எதுவும் இல்லை என்று கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சொன்னால் படங்களைப் போட்டு வைக்க அதையே வைத்துக்கொள்ளலாம்.

படி 4: ரேம்

4 ஜிபியை 8 ஆக்கினால் போதும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. அழுத்தி உட்கார வைக்க முயல வேண்டாம். ஒரே குச்சி 8 ஜிபியைவிட 4-உம் 4-உம் நல்லது. இரண்டு வழியில் ஓடும்.

டிடிஆர்3 இப்போது செகண்ட் ஹேண்டில்தான் சுலபமாகக் கிடைக்கும். ரேம் அவ்வளவு சீக்கிரம் கெடாது, தைரியமாக வாங்கலாம். ஆனால் 8 ஜிபி குச்சி ஒன்று அநியாய மலிவில் கிடைத்தால் ஸ்டிக்கரைத் திருப்பிப் பாருங்கள். ஏஎம்டி போர்டில் மட்டும் வேலை செய்யும் ரகம் ஒன்று உண்டு. இன்டெல் போர்டில் போட்டால் திரையே வராது. கடைக்காரரிடம், "அக்கோ (அண்ணா), வேலை செய்யலைன்னா மாத்தித் தருவீங்களா?" என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மாட்டும் முன் பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமைத் தொடுங்கள். இரண்டு முனையிலும் கொக்கி "டிக்" என்று தானாக மூட வேண்டும். பீப் சத்தம் வந்து திரை கறுப்பாகவே இருந்தால் பதறாதீர்கள். பாதி நேரம் அழுக்குதான் காரணம், அதுவும் நம் மழைக்காலத்து ஈரத்தில். குச்சியைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியை ஊதிவிட்டு மறுபடி மாட்டுங்கள். எங்களுக்கும் இரண்டாம் முறைதான் வந்தது. இரண்டு பங்கு.

படி 5: பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும்

வேண்டாம் என்பதே என் பதில். அதே எச்81-இல் செகண்ட் ஹேண்ட் ஐ5-4570 உட்காரும், நான்கு கோர். பிராசசர் கோடு உச்சியில் முட்டினால் மட்டும் யோசியுங்கள். மாற்றும்போது சாக்கெட்டில் இருக்கும் முடி போன்ற முட்களில் ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு.

மருமகனுக்காக ஒரு வார்த்தை: ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் ஜிடிடிஆர்5 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். டிடிஆர்4 போட்ட கார்டும் அதே பெயரில் விற்கிறது, மெமரி வேகம் மூன்றில் ஒரு பங்குதான்.

இங்கேதான் எங்கே நிறுத்துவது என்ற கேள்வியும் வரும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். ஐ3-4150 நான்காம் தலைமுறை. அக்கா மெஷினில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தையும் சேர்த்து ஏற்றிக் கொடுத்தேன், இணைய வேலை எல்லாம் அதில். விண்டோஸ் 11 கட்டாயம் வேண்டும் என்றால், இந்தப் போர்டில் இனி ஒரு காசும் போடாமல், ஐ5-8500 போட்ட செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் மெஷினுக்குச் சேருங்கள். அப்போதும் யுபிஎஸ்ஸும் எஸ்எஸ்டியும் கூட வரும், ரேம் வராது.

படி 6: மீதி ஒரு பங்கு

சிஆர்2032 காசு பேட்டரி ஒன்று, பிராசசர் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஒன்று, பெயின்ட் பிரஷ் ஒன்று. கரண்ட் இல்லாத நேரமெல்லாம் கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது அந்தக் காசு பேட்டரிதான், அதனால் இங்கே சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். உடனே எல்லா இணையதளமும் பாதுகாப்பு இல்லை என்று மிரட்டும். வைரஸ் என்று நினைத்துப் பாதிப் பேர் கடைக்கு ஓடுவது இதற்குத்தான். பிராசசர் விசிறியைக் கழற்றியபோது உள்ளே மெத்தை போலத் தூசியும் ஒரு கரப்பான் பூச்சியின் காலும் கிடைத்தன. பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதியதைப் பட்டாணி அளவு வைத்து மூடினோம்.

படி 7: சோதனை

எல்லாம் மாட்டி, யுபிஎஸ்ஸை ஓர் இரவு முழுக்க சார்ஜ் ஏற்றிய பிறகு, மெஷின் ஓடும்போது சுவர் ஸ்விட்சை நீங்களே அணையுங்கள். அணைக்கும் முன் திறந்திருப்பதை எல்லாம் சேமித்துவிடுங்கள். யுபிஎஸ் அவசரமாகக் கத்த ஆரம்பிக்கும்வரை நேரம் பாருங்கள். எங்களுக்கு இருபத்திரண்டு நிமிடம் வந்தது. பாதியைக் கழித்து, "பத்து நிமிஷம்தான்" என்று தாளில் எழுதி யுபிஎஸ் தலையில் ஒட்டினேன். கீழே மருமகன் பென்சிலால் "கேமுக்கு இல்லை" என்று எழுதியிருக்கிறான். எழுத வைத்தது அக்கா.