ஞானஸ்நானம் எடுத்த பிறகும் பழைய ஆசை வந்தால் என்ன செய்வது?

“ஐயா, ஞானஸ்நானம் எடுத்துப்போட்டன். ஆனா பழைய எண்ணம் திரும்பத் திரும்ப வருது. நான் உண்மையா இரட்சிக்கப்படேல்லையோ?” யாழ்ப்பாணத்துப் போதகர்களுக்குப் பழகிப்போன கேள்வி இது. எண்ணம் வருவதால் இரட்சிப்புப் போய்விடாது. அது வரத்தான் செய்யும். இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்று வந்த கையோடு வனாந்தரத்தில் 40 நாள் இருந்து சோதிக்கப்பட்டார் (மத்தேயு 3, 4). மாம்சமும் ஆவியும் ஒன்றுக்கொன்று விரோதமாய் இருக்கின்றன என்று கலாத்தியர் 5:17 சொல்வது ஏற்கெனவே விசுவாசிகளாக இருந்தவர்களுக்கு. பவுல் ரோமர் 7இல் தன் பழைய நிலையைச் சொல்கிறாரா, விசுவாசியான பின்பு உள்ள நிலையைச் சொல்கிறாரா என்று வேத அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அந்த வாதம் முடியும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை, கலாத்தியர் வசனமே போதும்.

சபைகளுக்கிடையே இதில் பெரிய சண்டையும் இல்லை. ஞானஸ்நானத்துக்குப் பிறகும் மனிதனில் இச்சை தங்கியிருக்கிறது என்று கத்தோலிக்க திரெந்து பொதுச்சங்கம் 1546இல் அறிக்கையிட்டது. அங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் 9ஆவதும் மறுபடி பிறந்தவர்களில் அந்தக் குறை நீங்காமல் இருப்பதைச் சொல்கிறது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கியவரும், இந்த வாழ்விலேயே பூரண பரிசுத்தம் கூடும் என்று போதித்தவருமான ஜோன் வெஸ்லிகூட, விசுவாசிக்குள் பாவத்தின் மிச்சம் இருப்பதைப் பற்றி 1763இல் ஒரு பிரசங்கம் எழுதினார். ஆகவே “உனக்குச் சோதனை வருதெண்டால் உனக்கு விசுவாசம் இல்லை” என்று யாராவது சொன்னால், அது எந்தச் சபையின் போதனையும் அல்ல, சொல்பவரின் அவசரம்.

முதலில் சோதனை எது, பாவம் எது என்று பிரித்துப் பாருங்கள். யாக்கோபு 1:14, 15 ஒரு வரிசை தருகிறது: ஆசை இழுக்கிறது, கர்ப்பந்தரிக்கிறது, பாவத்தைப் பிறப்பிக்கிறது. ஒருவன் படலையில் நின்று கூப்பிடுவதற்கு நீங்கள் பொறுப்பில்லை. அவனை உள்ளே கூப்பிட்டு, கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்தால் அதற்குப் பொறுப்பு. எண்ணம் வந்த உடனேயே “விழுந்திட்டன்” என்று முடிவெடுப்பவர்கள், விழுந்தது விழுந்ததுதானே என்று முழுதாகவே போய்விடுவார்கள். இந்த இடத்தில் இடறுகிற ஆட்கள் நிறையப் பேர்.

இனி வேலை. ஒரு 40 பக்கக் கொப்பியும் பேனையும் எடுங்கள். இரண்டு கிழமைக்கு, சோதனை வந்த ஒவ்வொரு தடவையும் ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: கிழமையும் நேரமும், இடம், கூட இருந்தவர், வயிறும் நித்திரையும் எப்படி இருந்தன, அதற்கு முந்தின அரை மணித்தியாலம் என்ன நடந்தது. பாவத்தின் பெயரை எழுதத் தேவையில்லை, கொப்பி வீட்டில் யார் கையிலாவது அகப்படலாம். குடியை விட நினைக்கும் ஒருவரின் பதிவு இப்படி இருக்கும்: “வெள்ளி, பின்னேரம் 5.30. சம்பளம் கைக்கு வந்தது. மச்சானின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினேன். மத்தியானம் சாப்பிடவில்லை. மேசனோடு வாய்த்தர்க்கம்.” தவறணை வாசலில்தான் தான் சோதிக்கப்பட்டதாக அந்த ஆள் நினைத்துக்கொண்டிருப்பார். கொப்பியைப் பார்த்தால் மத்தியானம் சாப்பிடாதபோதே அது தொடங்கிவிட்டது.

இரண்டு கிழமை எழுதினால் ஒரே மாதிரியான இரண்டு மூன்று நேரங்கள் துலங்கும். பசி, களைப்பு, கோபம், தனிமை என்பவை எல்லோருக்கும் பொது. எங்கள் பக்கத்துக்கென்றே சிலவும் உண்டு: வெளிநாட்டுக் காசு வந்து சேரும் நாள், கலியாணவீட்டுக்கு முதல் நாள் இரவு, செத்தவீட்டில் விழித்திருக்கும் நேரம், எல்லாரும் படுத்தபின் போன் வெளிச்சம். ஞாயிறு ஆராதனை முடிந்த பின்னேரத்தையும் சேருங்கள். காலையில் உருகி அழுதவர் பின்னேரம் காவலைத் தளர்த்திவிடுவார்.

சோதனை இப்படி ஒன்றையொன்று பிடித்து வரும் சங்கிலி. அதைக் கடைசி வளையத்தில் வெட்ட முயல்வதுதான் பலருடைய பிழை. தவறணை வாசலில் நின்றுகொண்டு “ஆண்டவரே, பெலன் தாரும்” என்று ஜெபிப்பார்கள். அதே ஜெபத்தைப் பின்னேரம் நாலு மணிக்கு, சோறோ பாணோ வயிற்றில் விழுந்த பிறகு செய்தால் பாதி வேலை முடிந்துவிடும். மேலே சொன்ன ஆளுக்கு வேண்டியவை மிகச் சாதாரணமானவை: மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல், சம்பளத்தை வங்கிக் கணக்குக்கோ மனைவி கைக்கோ நேராகக் கொடுக்கும்படி முதலாளியிடம் ஒரு சொல், வெள்ளிக்கிழமை மட்டும் மச்சானின் மோட்டார் சைக்கிளை விட்டு பஸ். மச்சானோடு பகைக்கத் தேவையில்லை.

நாள் தவறாமல் நிறையக் குடித்து வந்தவர் இங்கே கவனிக்கவேண்டும். உபவாசம் போட்டு ஒரேயடியாக நிறுத்துவது சிலருக்கு ஆபத்து. கடைசிக் குடிக்குப் பின் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள்வரை கைநடுக்கம் கூடி, வேர்த்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, புத்தி தடுமாறலாம். இதைப் பிசாசு என்று நினைத்து வீட்டில் வைத்து ஜெபித்துக்கொண்டிருந்து உயிர் போக விடக்கூடாது. நிறுத்துவதற்கு முதலே வைத்தியரைக் காணுங்கள். குழப்பமோ வலிப்போ வந்தால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், ஜெபத்தை வாகனத்துக்குள் செய்யலாம். மனநல ஆலோசனைக்கு 1926 இருக்கிறது.

போன் விஷயத்தில் மனவுறுதியை நம்பவேண்டாம். சார்ஜரை விறாந்தையில் ஒரு பிளக்கில் குத்தி, இரவு 9.30க்குப் பிறகு போன் அங்கேதான் என்று வையுங்கள். விடிய எழும்ப மேசை மணிக்கூடு இல்லாவிட்டாலும் வீட்டில் யாரையாவது எழுப்பச் சொல்லலாம். கூகிளில் பாதுகாப்பான தேடலைப் போட்டு, வடிகட்டும் செயலியின் கடவுச்சொல்லை இன்னொருவர் கையில் கொடுங்கள். கடவுச்சொல் உங்களிடமே இருந்தால் அந்தச் செயலியால் பிரயோசனமில்லை.

இவ்வளவு செய்தும் ஆசை எழும்பும். எழும்பினால் அது பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தணியும். அந்த நேரத்தைக் கடப்பதுதான் வேலை. இடத்தைவிட்டு எழும்புங்கள். யோசேப்பு போத்திபாரின் மனைவியோடு நின்று தர்க்கிக்கவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினார் (ஆதியாகமம் 39:12). சோதனையோடுகூடத் தப்பிக்கும் போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்கிறது 1 கொரிந்தியர் 10:13. அந்தப் போக்கால் கால்தான் நடக்கவேண்டும். பிறகு ஒரு வசனத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். இயேசு மூன்று சோதனைக்கும் உபாகமத்திலிருந்து மூன்று வெவ்வேறு வசனங்களைச் சொன்னார் (8:3, 6:16, 6:13), ஒவ்வொன்றும் அந்தந்தச் சோதனைக்கே பொருந்தியது. அதுபோல உங்கள் பலவீனத்துக்கு ஏற்ற ஒன்றை மனப்பாடமாக்குங்கள்: கோபத்துக்கு யாக்கோபு 1:19, கண்ணுக்கு யோபு 31:1, காசாசைக்கு எபிரெயர் 13:5, குடிக்கு எபேசியர் 5:18, ஊர்வம்புக்கு எபேசியர் 4:29. முதலில் ஒன்று போதும். பத்தை ஒன்றாகத் தொடங்குபவர்கள் மூன்றாம் கிழமையில் ஒன்றையும் ஞாபகம் வைத்திருக்கமாட்டார்கள்.

ஒரு ஆள் வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், உங்களைவிட விசுவாசத்தில் மூத்தவர், சொந்தக்காரர் அல்லாதவர், வாய் காப்பவர். கடைசித் தகுதியைத்தான் அதிகம் பார்க்கவேண்டும், எங்கள் ஊர்களில் ஒரு வீட்டில் சொன்னது மறுநாள் அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடும். சாட்சிக் கூட்டத்திலோ வட்ஸ்அப் ஜெபக்குழுவிலோ விவரம் போடவேண்டாம். கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியக் காப்பு இருக்கிறது, மற்றவர்கள் ஆளைப் பார்த்துத் தெரிவுசெய்யவேண்டும். பேச்சு நீளத் தேவையில்லை. விழுந்தபின் சொல்வதைவிட, விழமுன் சொல்வது நல்லது: “அண்ணை, இண்டைக்கு அந்தப் பக்கம் போகவேண்டிக் கிடக்கு. எட்டு மணிக்கு ஒருக்காக் கோல் எடுங்கோ.” அண்ணை எட்டு மணிக்குக் கோல் எடுக்கவேண்டும், எட்டரைக்கு அல்ல.

மனைவிக்கு அடிப்பது, பிள்ளைக்குத் தீங்கு செய்வது போன்றவை இரகசியமாய்க் கேட்டு ஜெபித்து மூடிவிடும் காரியங்கள் அல்ல. கேட்டவர் முதலில் அடிபடுபவரின் பாதுகாப்பைப் பார்க்கவேண்டும். உதவி கேட்கும் தொலைபேசி இலக்கம் பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938.

விழுந்துவிட்டால் அன்றைக்கே எழும்புங்கள். பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள் (1 யோவான் 1:9), மறுநாள் முடியமுன் அந்த ஆளிடம் சொல்லுங்கள், யாரிடமாவது எடுத்தது இருந்தால் திருப்பிக் கொடுங்கள், கொப்பியில் எந்த வளையம் விட்டது என்று பாருங்கள். வருகிற ஞாயிறு கோயிலுக்குப் போங்கள். வெட்கத்தில் இரண்டு ஞாயிறு நின்றவர் மூன்றாவது ஞாயிறு வருவது அரிது. தண்டனை உபவாசமும், “இனிச் சாகும்வரை தொடமாட்டேன்” என்ற சத்தியமும், இன்னொரு சபையில் போய் இரண்டாம் முழுக்கு ஞானஸ்நானமும் உதவுவதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு ஆவியின் பெயர் சொல்லித் துரத்தும் பழக்கமும் அப்படித்தான். அங்கே பழி ஆவிமேல் போய்விடுகிறது, மோட்டார் சைக்கிள் பழையபடி வாசலில் நிற்கிறது.

இதுவரை குடியும் போனும்தான் வந்தன, ஏனென்றால் அறிக்கையிட வருபவர்கள் அவற்றைத்தான் சொல்கிறார்கள். சாதிப் பெருமையைச் சோதனை என்று சொல்லி யாரும் போதகரிடம் அழுதுகொண்டு வருவதில்லை. கலியாணப் பேச்சில் சீதனத்தைக் கூட்டிக் கேட்கும்போதும் அப்படியே. இரண்டுக்கும் அதே கொப்பி பாவிக்கலாம். யாருடைய பெயரைக் கேட்டவுடன் “அவை ஆர் ஆக்கள்?” என்று வாயில் வருகிறது, பெண்வீட்டில் எத்தனை பரப்புக் காணி என்று கேட்கச் சொல்லி யார் உந்துகிறார்கள் என்று எழுதுங்கள்.

எல்லை வேலிப் பகையும் இந்த வரிசைதான். பொழுது சாயுமுன் கோபம் தணியட்டும் என்கிறது எபேசியர் 4:26, சில வளவுகளில் கோபம் தகப்பனிலிருந்து மகனுக்கு எழுதிக் கொடுக்கப்படுகிறது. வழக்கு கோட்டில் இருந்தால் அது அதன் பாட்டில் நடக்கட்டும். அடுத்த திருவிருந்துக்கு முதல், மத்தேயு 5:23, 24 சொல்கிறபடி நீங்களே போங்கள். தனியாகப் போகாமல் இருவருக்கும் பொதுவான ஒருவரைக் கூட்டிக்கொண்டு, விடியப்பறம் வேலை தொடங்கமுன் போங்கள். வேலியைப் பற்றிக் கதைக்கவேண்டாம். “நான் பேசின பேச்சு பிழை, அதுக்கு மன்னிப்புக் கேட்க வந்தனான்” என்பது மட்டும் போதும். அவர் வேலியைத் தொடங்கினால், அது பிறகு, நில அளவையாளரோடு வந்து கதைப்பம் என்று சொல்லி எழும்பிவிடுங்கள்.