‘பிடித்திருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள்: இடைமுகம் பற்றிய பயனர் கருத்தைக் கேட்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு செயலி அல்லது தளத்தின் புதிய இடைமுகத்தை, அதாவது பயனர் பார்த்துப் பயன்படுத்தும் திரையமைப்பை, வெளியிட்ட மறுநாள் பெரும்பாலான குழுக்கள் பயனரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “புதிய வடிவமைப்பு பிடித்திருக்கிறதா?” தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. “அருமை” என்று ஒருவர் எழுதுகிறார், “பழையதே மேல்” என்று இன்னொருவர் எழுதுகிறார். இரண்டையும் வைத்துக்கொண்டு திரையில் ஒரு பொத்தானைக்கூட இடம் மாற்ற முடியாது. கேட்க வேண்டியது நடந்ததைப் பற்றி: கடைசியாக இதைத் திறந்தபோது என்ன செய்ய வந்தீர்கள்? செய்து முடித்தீர்களா? எந்த இடத்தில் தயங்கி நின்றீர்கள்?

பயனர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. நம்முடைய தேர்வுக்கு உண்மையான காரணம் எது என்பது பல நேரங்களில் நமக்கே தெரிவதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் இருவரும் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். வலது ஓரத்தில் இருந்ததையே மிகப் பலர் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ஏன் என்று கேட்டபோது, வைக்கப்பட்டிருந்த இடத்தை ஒருவரும் காரணமாகச் சொல்லவில்லை. திரையிலும் இதுவேதான் நடக்கிறது. “நிறம் உறுத்துகிறது” என்று எழுதுபவரின் எரிச்சலுக்குக் காரணம், தேடல் பெட்டி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போனதாக இருக்கலாம்.

அடுத்த தவறு, பயனர் சொல்லும் தீர்வை அப்படியே வேலைப் பட்டியலில் ஏற்றுவது. “எழுத்தைப் பெரிதாக்குங்கள்” என்று பத்துப் பேர் எழுதினால் எழுத்தளவை ஒரு படி கூட்டிவிட்டு நிம்மதியடைகிறோம். குறை அளவில்தான் இருந்ததா? வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் எழுத்தாக இருந்தால் ஒரு படி கூட்டியும் அது கண்ணில் நிற்காது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளங்களை அமைப்பதற்கான இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் (WCAG) இரண்டாம் நிலை (AA), சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது. இதை அளந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். ஆனால் எதை வாசிக்க முடியவில்லை, எந்தக் கருவியில், வெயிலிலா அறைக்குள்ளா என்று யாராவது திருப்பிக் கேட்டிருந்தால்தான் அளக்கவே தோன்றும்.

முதல் வாரக் கூச்சலைக் கையாள்வதுதான் எல்லாவற்றிலும் கடினம். இங்கே இரண்டு பக்கமும் சறுக்கலாம். 2006 செப்டம்பரில் பேஸ்புக், நண்பர்கள் செய்வதையெல்லாம் ஒரே பட்டியலாகக் காட்டும் செய்தியோடையைக் கொண்டுவந்தபோது லட்சக்கணக்கானோர் எதிர்ப்புக் குழுக்களில் சேர்ந்தார்கள். செய்தியோடை நிற்கவில்லை, பிறகு அந்தத் தளத்தின் மையமாகவே ஆனது. இதைக் காட்டி, “எல்லாம் கொஞ்ச நாளில் பழகிவிடும்” என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் மறப்பது 2012இல் வந்த விண்டோஸ் 8-ஐ. அதில் தொடக்கப் பொத்தானை எடுத்துவிட்டார்கள். எதிர்ப்பு ஓயவில்லை, 2013இல் வந்த 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது, 2015இல் விண்டோஸ் 10-இல் தொடக்கப் பட்டியலும் திரும்பியது.

கூச்சலின் அளவை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. உள்ளே என்ன சொல்கிறார்கள் என்று படிக்க வேண்டும். “செய்தியோடையை எடுத்துவிடுங்கள்” என்பது கருத்து. “நான் செய்வதெல்லாம் எல்லோர் கண்ணிலும் படுகிறது” என்பது நடந்தது. பேஸ்புக்கும் அந்த இரண்டாவதற்குத்தான் சில நாள்களிலேயே தனியுரிமைக் கட்டுப்பாடுகளைச் சேர்த்துப் பதில் சொன்னது. கை பழகிய இடம் மாறியதால் வரும் கோபம் நாளாக ஆகத் தணியும். வேலையே நடக்கவில்லை என்றால் தணியாது. ஆகவே முதல் வாரத்தில் எழுதியவர்களிடம் மூன்றாவது வாரத்தில் மறுபடி கேளுங்கள். அதுவரை எதையும் அவசரமாகத் திருப்பிவைக்க வேண்டாம். எதையும் அலட்சியமாகத் தள்ளவும் வேண்டாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொன்று: எழுதாதவர்களை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கருத்துப் பெட்டியில் எழுதுபவர்கள் பெரும்பாலும் பழைய, தேர்ந்த பயனர்கள். புதிதாக வந்தவர் ஒரு படிவத்தில் சிக்கிக்கொண்டால் குறை சொல்ல மாட்டார். “எனக்குத்தான் தெரியவில்லை போலிருக்கிறது” என்று மூடிவிட்டுப் போய்விடுவார். வடிவமைத்தவரின் பிழையைத் தன் அறியாமையாக ஏற்றுக்கொண்டு ஒரு மனிதர் விலகிப் போகிறார். நம் பதிவேட்டில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு உண்டு. பிழையைச் சிவப்பால் மட்டும் காட்டும் படிவத்தில் பிழை எங்கே என்றே அவர்களில் பலருக்குப் பிடிபடாது. தெரியாத ஒன்றைப் பற்றி எப்படிப் புகார் எழுதுவார்கள்? திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவருக்குக் கருத்துப் படிவத்தின் கட்டங்களிலேயே பெயர்க்குறிப்பு இல்லையென்றால், அந்தக் குறையைச் சொல்லும் வழியையும் நாமே அடைத்துவிட்டோம்.

இவர்களை அறிய அருகில் அமர்ந்து பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு வாய்மூடி இருக்க வேண்டும். நான் முதலில் அமர்ந்த சோதனையில் ஒரு முதியவர் சேமிக்கும் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் விரலை நீட்டிவிட்டேன். அவர் நன்றி சொல்லி முடித்தார். குறிப்பேட்டில் ‘வெற்றி’ என்று எழுதப்பட்டது. அந்தப் பொத்தான் அதே இடத்திலேயே வெளியாயிற்று. உதவி செய்யத் துடிக்கும் கையை மடியில் வைத்துக்கொள்வது இந்த வேலையின் கடினமான பகுதி.

எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்குப் பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியதை மேற்கோள் காட்டுவார்கள்: ஐந்து பேரைப் பார்த்தால் சுமார் 85 சதவீதப் பயன்பாட்டுக் குறைகள் தெரியவரும். ஒரு பயனரிடம் சராசரியாக 31 சதவீதக் குறைகள் வெளிப்படும் என்ற கணக்கிலிருந்து வந்த எண் அது. குறைகளைக் கண்டுபிடிக்க அது உதவும். வாக்கெடுப்புக்கு உதவாது. “ஐவரில் மூவர் நீலத்தை விரும்பினார்கள்” என்று அறிக்கை எழுதினால் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

மதிப்பெண்களிலும் இப்படியொரு குழப்பம் உண்டு. ஒன்றைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்பதைப் பயனரிடமே கேட்டு அளக்க ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பத்துக் கேள்வி அளவுகோல் (SUS) இன்றும் பயன்படுகிறது. அது தரும் 0 முதல் 100 வரையான எண் சதவீதம் அல்ல. 68 என்பதைச் சராசரியாகக் கொள்கிறார்கள். மதிப்பெண் குறைந்தால் ஏதோ சரியில்லை என்று தெரியும், எங்கே என்று தெரியாது.

கருத்து எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். “படு மோசம்” என்பதற்குப் பதிலாக, எதைச் செய்ய முயன்றீர்கள், எதை அழுத்தினீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, எந்தக் கருவி, எந்த உலாவி என்று நான்கு வரி எழுதுங்கள். திரையைப் படம் பிடித்து இணைத்தால் இன்னும் நல்லது. அனுப்புமுன் அதிலுள்ள சொந்த விவரங்களை மறைத்துவிடுங்கள்.

அப்படி நேரம் ஒதுக்கி எழுதியவருக்குப் பதிலே போகாமல் இருப்பது பல குழுக்கள் தவறென்றே உணராத தவறு. “உங்கள் கருத்துக்கு நன்றி” என்ற தானியங்கி வரி பதிலாகாது. “நீங்கள் சொன்ன இடத்தில் சோதித்தோம், கைபேசியில் மட்டும் பொத்தான் மறைகிறது, அடுத்த பதிப்பில் சரியாகும்” என்று எழுதுங்கள். செய்யப்போவதில்லை என்றால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள். அவர் மறுத்து மீண்டும் எழுதினால், அன்றைக்கு வந்தவற்றில் அதை முதலில் திறந்து படியுங்கள்.